அத்தியாயம் 9: வம்பை விலைக்கு வாங்குமுன்

படம் முடிந்துவிட்டது. சென்சார் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. பெரிய நடிகர் இல்லை. கதையோ மற்றவர்கள் தொடத் தயங்குகிற கதை. டி.கே. ஏரியா என்று தொழிலில் சொல்கிற திருநெல்வேலி - கன்னியாகுமரிப் பகுதிக்கு எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) கொடுத்து வாங்க எந்த விநியோகஸ்தரும் முன்வரவில்லை. சொந்தமாகவே வெளியிட வேண்டிய நிலை. இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்தில் வந்து உட்காருகிற ஒருவர் சொல்வார்: "அண்ணாச்சி, ஒரு சண்டையைக் கெளப்பி விடுங்க, படம் தன்னால ஓடும் பாத்துக்கிடுங்க."

அந்த யோசனையைக் கேட்பதா வேண்டாமா என்பதுதான் இந்த அத்தியாயம். சர்ச்சையால் படம் ஓடாது என்று நான் சொல்லப்போவதில்லை. ஓடியிருக்கிறது. நான் உங்களிடம் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: கிளப்புகிற சண்டைக்குக் காசு கொடுக்கப்போவது யார்? சென்னையில் இருக்கும் தயாரிப்பாளரா, அல்லது மார்த்தாண்டத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பையனா? ஒவ்வொரு உத்தியையும் இந்தக் கேள்வியில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

முதல் பாடம் நம் மண்ணிலேயே இருக்கிறது

அகஸ்தீஸ்வரத்து ஜே. சி. டேனியலை மலையாள சினிமாவின் தந்தை என்கிறோம். நிலத்தை விற்ற பணத்தில் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, தானே எழுதி, இயக்கி, நடித்து ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் அது திரையிடப்பட்டது 1928இல் என்பார்கள், 1930 என்பாரும் உண்டு. கதாநாயகி பி. கே. ரோசி தலித் பெண். படத்தில் அவர் ஏற்றது நாயர் குடும்பத்துப் பெண் வேடம். அதைப் பொறுக்காதவர்கள் திரையின் மேல் கல்லெறிந்தார்கள். ரோசியின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஊரைவிட்டே தப்பி ஓடிய அவர் பிற்காலத்தில் நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. டேனியல் அதன் பிறகு கதைப்படம் எடுக்கவில்லை. பல் மருத்துவராக வாழ்ந்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். கேரள அரசு அவர் பெயரில் விருது வழங்கத் தொடங்கியது 1992இல்.

டேனியல் சர்ச்சையை விரும்பி வரவழைத்தவர் அல்ல. நல்ல படம் எடுக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். அப்படியிருந்தும் கல் எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள். அரங்கில் இருந்தவர்களிலேயே ஆதரவு குறைந்தவர் யாரோ, அவர் மேல்தான் முழு அடியும் விழுந்தது. தானாக வந்த எதிர்ப்பே இப்படி என்றால், விளம்பரத்துக்காக நாமே மூட்டிவிடுகிற எதிர்ப்பு யார் வீட்டில் போய் நிற்கும்?

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது. போஸ்டரில் யார் யார் முகம் போகிறதோ, அவர்கள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். குறிப்பாகப் புதுமுக நடிகைகளிடம். "இந்தப் படத்தை இப்படித்தான் விளம்பரப்படுத்தப் போகிறோம், இன்னின்ன மாதிரிப் பேச்சு வரலாம்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் அந்தப் போஸ்டரைத் தூக்கிப் போடுங்கள். மிரட்டல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே தங்க வேண்டும், செலவு யாருடையது என்பதை வெளியீட்டுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஐந்து பைசா சம்பளம் ஏற்றித் தராதவர்கள்கூட நடிகையின் பெயரை வைத்து வதந்தி கிளப்பத் தயங்குவதில்லை. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் தீரவே இல்லை.

டேனியலின் உறவினர் ஆர். சுந்தர்ராஜ் 1933இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ படத்துக்கு வந்த தொல்லை வேறு வகை. சி. வி. ராமன் பிள்ளை நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த புத்தகக் கடை வழக்குப் போட, படச்சுருள் கைப்பற்றப்பட்டது. கதை உரிமைக் காகிதம் கையில் இல்லாமல் ‘எங்கள் படத்தைத் தடுக்கிறார்கள்’ என்று கூவுவதில் பயனில்லை. காகிதம் முதலில், கூவல் பிறகு.

கதைக்குள் இருக்கும் சண்டை, வெளியே ஒட்டவைத்த சண்டை

களியக்காவிளை தாண்டி, கேரளத்தில் நடந்த ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் குஞ்சாக்கோ போபன் நடித்த ‘ந்நா தான் கேஸ் கொடு’ வெளிவந்தது. சாலைக் குழியால் பாதிக்கப்பட்ட ஒரு பழைய திருடன், அமைச்சர் மேலேயே வழக்குப் போடுகிற கதை. வெளியீட்டு நாள் பத்திரிகை விளம்பரத்தில் ஒரு வரி போட்டார்கள்: தியேட்டருக்கு வருகிற வழியில் குழி இருக்கும், ஆனாலும் வந்துவிடுங்கள் என்கிற பொருளில். கேரளத்தில் சாலைக் குழிகள் பெரிய பேச்சாக இருந்த நேரம் அது. ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் பலர் கொதித்தார்கள். படத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரலும் எழுந்தது. படம் நன்றாக ஓடியது. பிறகு கேரள மாநில விருதுகளையும் வாங்கியது.

இது ஏன் செல்லும்? அந்தக் குழி உண்மையிலேயே படத்துக்குள் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துக் கோபப்பட்டு உள்ளே போனவரும், சிரித்துக்கொண்டு போனவரும், சொன்ன விஷயத்தையே திரையில் பார்த்தார்கள். கேலி செய்யப்பட்டது அதிகாரத்தில் இருப்பவர்கள். பதில் சொல்ல அவர்களுக்கு வாயும் மேடையும் உண்டு. ஒருவரையும் ஏமாற்றவில்லை.

இதற்கு நேர்மாறானது 2019 ஜூலையில் நடந்தது. ‘எவிடே’ என்ற மலையாளப் படத்துக்காக நடிகை ஆஷா சரத் ஒப்பனையில்லாமல் ஒரு வீடியோ போட்டார். கணவரைக் காணவில்லை, தகவல் தெரிந்தால் கட்டப்பனை போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள் என்று கலங்கிப் பேசினார். அவர் பேசியது படத்தின் கதாபாத்திரமாக. பார்த்தவர்களில் பலர் அதை நிஜம் என்றே நம்பினார்கள். போலீஸ் பெயரை வைத்துப் பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்கறிஞர் ஒருவர் புகார் கொடுத்தார். மக்களின் இரக்கத்தைக் கடன் வாங்கிப் படத்துக்குச் செலவழித்தால், பிறகு நிஜமாகவே காணாமல் போன ஒருவருக்காக ஒரு குடும்பம் வீடியோ போடும்போது அந்த இரக்கம் குறைந்துதான் கிடைக்கும்.

மூன்றாவது வகை, எண்ணை வைத்துப் பயமுறுத்துவது. ‘தி கேரளா ஸ்டோரி’ டீசரில் கேரளத்தில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டதாகச் சொன்னார்கள். கேள்வி எழுந்ததும் டிரெய்லர் விவரக்குறிப்பில் அது மூன்று பெண்களின் கதையாக மாறியது. டீசரை நீக்கிவிடுவதாகத் தயாரிப்பாளர் தரப்பு கேரள உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2023 மே 5 அன்று படம் வந்தது. இரண்டே நாளில் தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸ்கள் காட்சிகளை நிறுத்தின. மே 18 அன்று உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க அரசு போட்ட தடையை நிறுத்திவைத்தது. அதே கையோடு, 32,000 என்ற எண்ணுக்கு ஆதாரமான தரவு இல்லை என்று படத்திலேயே அறிவிப்புப் போடவும் வைத்தது. வட இந்தியாவில் படம் கோடிக் கோடியாக வசூலித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்க வேண்டியிருந்தவர்கள் மலையாளப் பெண்கள். குறிப்பாக முஸ்லிம் குடும்பங்கள். தக்கலையிலும் குளச்சலிலும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கிறவர்களைப் பற்றிய எண் அது. ஆதாரம் காட்ட முடியாத எண்ணை உங்கள் போஸ்டரில் போடவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு தகவல். ‘ஃபேன்’ (2016) படத்தின் விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒருவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார், இழப்பீடும் கிடைத்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டிரெய்லர் என்பது ஒப்பந்த வாக்குறுதி ஆகாது என்றது தீர்ப்பு. சட்டப்படி நீங்கள் தப்பிக்கலாம். வெள்ளிக்கிழமை மேட்னி பார்த்து ஏமாந்தவர் சனிக்கிழமை காலை வடசேரி சந்தையில் என்ன பேசுவார் என்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்காது.

‘காணவில்லை’ போஸ்டர் இங்கே வேண்டாம்

திகில் படக்காரர்கள் எல்லோரும் ‘பிளேர் விட்ச் புராஜெக்ட்’ பற்றிப் பேசுவார்கள். 1999இல் சொற்பச் செலவில் எடுத்த அமெரிக்கப் படம். உலகம் முழுக்க ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூல். நடித்த மூன்று இளைஞர்களையும் நிஜமாகவே காட்டில் காணாமல் போனவர்கள் என்று இணையத்தில் கதை கட்டி, ‘காணவில்லை’ போஸ்டர் ஒட்டி ஓடவைத்தார்கள். அந்த வெற்றியோடு சேர்த்து இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கதாநாயகியின் தாய்க்கு மகள் இறந்துவிட்டதாக நம்பி அனுதாப அட்டைகள் வந்தன.

அதைப் பார்த்து இங்கேயும் ‘காணவில்லை’ போஸ்டர் யோசனையோடு வருகிறார்கள். மூளைக்கு வேலை கொடுக்காத யோசனை என்பதைவிட, இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தெரியாத யோசனை என்றே சொல்வேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆட்கள் பலர் திரும்பவில்லை. வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் அளவு முகங்கள் அச்சிட்ட பிளக்ஸ் முன்னால் ஊரே நின்றது. உடல் கிடைக்காமல், இறந்தார் என்ற சான்றிதழுக்கும் அலைந்து, கடைசி வரை நம்பிக்கையை விடாமல் இருந்த குடும்பங்கள் அவை. அந்தக் கடற்கரைச் சாலையில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு முகத்தைப் போட்டு, மேலே ‘காணவில்லை’ என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் வெளியீட்டுத் தேதி போட்டால், அதை முதலில் நின்று படிக்கிற பெண் யாராக இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரைக்கும் இந்த உத்தியை மறந்துவிடுங்கள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் இதே பதில்தான். கதாநாயகன் படத்தில் சாகிறான் என்பதற்காக அவன் முகத்துக்கு மாலை போட்டு நோட்டீஸ் ஒட்டாதீர்கள்.

மதத்தைத் தொடும் படம்

தொடலாம். பாரதிராஜா முட்டத்தில் எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) இரண்டு மதங்களுக்கு நடுவே நிற்கும் காதல்தான். பூணூலும் சிலுவையும் கழற்றப்படுகிற முடிவு. அது பெரிய வெற்றி. இன்றும் முட்டத்துக்கு வருகிறவர்கள் அந்தப் பாறைகளைத் தேடுகிறார்கள். அந்தப் படம் சொல்ல வேண்டியதைத் திரையில் சொன்னது.

அதற்கு மறு ஆண்டு, 1982 மார்ச்சில், மண்டைக்காட்டில் கலவரம் மூண்டது. படத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. திருவிழா நேரத்தில் மூண்ட மோதலில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, கடலோர ஊர்களும் உள்நாட்டு ஊர்களும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்த மாதங்கள் அவை. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வெளியூர் பி.ஆர்.ஓ.வுக்கு இது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது.

தன் படத்துக்கே எதிர்ப்புக் காட்ட ஆள் பிடிப்பது, மதத் தலைவர் பெயரில் மொட்டைக் கடிதம் போடுவது, கொடும்பாவி எரிக்கக் காசு கொடுப்பது: இந்த வேலைகளை ‘பப்ளிசிட்டி’ என்று சொல்கிறவரைப் படத்தின் பக்கமே அண்டவிடாதீர்கள். மத விரோதத்தைத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவில் குற்றம். பொய்ச் செய்தியால் பீதி கிளப்புவது 353ஆம் பிரிவில் வரும். சட்டம் இருக்கட்டும். நூறு பேரைக் காசு கொடுத்துக் கூட்டலாம்; நூற்று ஒன்றாவதாக வந்து சேர்கிறவன் கையில் என்ன வைத்திருப்பான் என்று கூட்டியவருக்கே தெரியாது.

நிஜமான எதிர்ப்பு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ‘விஸ்வரூபம்’ பாடம். தியேட்டருக்கு முன்பே டி.டி.எச்.சில் வெளியிடுவேன் என்று கமல் ஹாசன் அறிவித்தார். திரையரங்கு உரிமையாளர்கள் பொங்கினார்கள். அது வியாபாரச் சண்டை; யாருக்கும் உடலில் காயமில்லை. இன்று நோக்கினால் அவர் காலத்துக்கு முன்னால் யோசித்தார் என்றே படுகிறது. ஆனால் அந்தச் சண்டை ஆறுமுன் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பு வந்தது. 2013 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க ஆட்சியர்கள் 144 தடை போட்டார்கள். ஜனவரி 25 அன்று கேரளத்தில் படம் ஓடிக்கொண்டிருக்க, இங்கே தியேட்டர்கள் காத்துக் கிடந்தன. காட்சிகள் சிலவற்றில் ஒலியை நீக்கச் சம்மதித்த பிறகு பிப்ரவரி 7 அன்றுதான் தமிழ்நாட்டில் வெளியானது. கமலால் அந்த இரண்டு வாரத்தைத் தாங்க முடிந்தது. வீட்டையே இழக்க நேரிடும் என்று அவரே சொன்னார். ஒரே ஒரு படத்தை வட்டிக்கு வாங்கி எடுத்த உங்களால் எத்தனை நாள் தாங்க முடியும்?

சட்டத்தில் உங்கள் பக்கமும் பலம் இருக்கிறது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் பேசப்படுகிறது: எதிர்ப்பாளர்களை அடக்க முடியாது என்று காரணம் காட்டி, சான்றிதழ் பெற்ற படத்தை அரசு தடுக்கக்கூடாது. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, எதிர்ப்பை நீங்களே ஏற்பாடு செய்யவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிய வேண்டும்.

துணிந்து செய்யக்கூடியவை

யாரையும் காயப்படுத்தாத குறும்புக்கு எல்லையே இல்லை. அமெரிக்காவில் வில்லியம் காசில் 1958இல் ‘மக்காபர்’ படத்துக்கு, பயத்தில் செத்தால் 1,000 டாலர் என்று காப்பீட்டுப் பத்திரம் கொடுத்தார். தியேட்டர் வாசலில் நர்ஸ் நிறுத்தினார். ராம்கோபால் வர்மா 2008இல் ‘பூங்க்’ படத்தைத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கு 5 லட்சம் என்றார். பார்ப்பவருக்கு இது விளையாட்டு என்று தெரியும். அதனால்தான் அது செல்லும்.

நம் ஊரில் என்னை இன்றும் வியக்கவைப்பது ‘உலகம் சுற்றும் வாலிபன்’. எம்.ஜி.ஆர். தி.மு.க.வை விட்டு வெளியேற்றப்பட்டு ஏழு மாதம்கூட ஆகவில்லை. படம் வெளிவராது என்றே பேசினார்கள். படம் ஓடினால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று தி.மு.க.வின் மதுரை முத்து சவால் விட்டதை இன்றும் சொல்வார்கள். சுவரொட்டிக்கு இடைஞ்சல் என்றதும் ஸ்டிக்கர் அச்சிட்டார்கள். அது சைக்கிளிலும் கடைக் கதவிலும் ஏறி ஊரெல்லாம் போனது. 1973 மே 11 அன்று வெளியான படம் சக்கைப்போடு போட்டது. எதிர்ப்பை அவர்கள் உண்டாக்கவில்லை. வந்த எதிர்ப்பைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டார்கள். சிறிய படத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் படம் சாதியைப் பற்றியதா? கதை நடக்கிற ஊரிலேயே முதல் காட்சி போடுங்கள். மக்கள் பேசட்டும், அதைப் பதிவு செய்யுங்கள். குடியைப் பற்றியதா? டாஸ்மாக் வாசலில் நின்று கேள்வி கேளுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளப் படம் பார்த்துப் பழகிய கண்கள். கதைக்கு அங்கே பொறுமை உண்டு. அங்கே கத்தல் விளம்பரத்தைவிட நல்ல டிரெய்லர் வேலை செய்யும்.

சுவரில் ஏறுமுன்

போஸ்டரில் சான்றிதழ் வகை இருக்க வேண்டும். ‘ஏ’ படம் என்றால் அதை மறைத்து ஒட்டாதீர்கள். தியேட்டரில் ஓடுகிற டிரெய்லருக்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். சிகரெட்டோடு முதல் பார்வைப் படம் வேண்டாம். 2018இல் ‘சர்கார்’ போஸ்டருக்குப் பொது சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பி, அது நீக்கப்பட்டது. ஆபாசத்தை நம்புகிறவர்களுக்கு 2020இன் ‘இரண்டாம் குத்து’: டீசரை நீக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நம் மாவட்டமும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான்.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அனுமதியில்லாத சுவரில் ஒட்டினால் வழக்கு. 2019இல் சென்னையில் பேனர் விழுந்து சுபஸ்ரீ என்ற இளம்பெண் இறந்த பிறகு, சாலையோர பேனரைப் பற்றி யோசிக்கவே கூசவேண்டும். கோயில் மதில், குருசடி, பள்ளிவாசல், நிழல்தாங்கல் இவற்றின் சுற்றுச்சுவரைப் போஸ்டர் ஒட்டுகிற ஆட்களிடம் முன்கூட்டியே காட்டி, இங்கே கூடாது என்று சொல்லிவிடுங்கள். பசை வாளியோடு இரவு 2 மணிக்கு வருகிறவருக்கு எந்தச் சுவர் யாருடையது என்று தெரியாது.

தேதியும் விளம்பரத்தில் சேர்ந்ததுதான். மண்டைக்காட்டு மாசிக் கொடை, சுசீந்திரம் தேரோட்டம், கோட்டாறு சவேரியார் திருவிழா வாரங்களில் சர்ச்சைக் கதை வேண்டாம். விசைப்படகுத் தடைக்காலத்தையும் பாருங்கள்: கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு கரையும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அந்த மாதங்களில் குளச்சல், முட்டம் பக்கம் கையில் காசு புரளாது.

வெளியீட்டு வாரம் தியேட்டர் மேலாளர் ஒவ்வொருவரிடமும் சான்றிதழ் நகல், உங்கள் வழக்கறிஞர் எண், எதிர்ப்பு வந்தால் பேச வேண்டியவரின் எண் இருக்கட்டும். புகார் வந்தால் முதலில் அந்தப் போஸ்டரை இறக்கிவிட்டு, பிறகு பேசுங்கள். படத்தை இறக்க வேண்டாம். புகார் சொன்னவரை, அவர் விரும்பினால், படம் பார்க்க அழையுங்கள். டிக்கெட் கொடுக்கிறவர், டார்ச் அடித்து இடம் காட்டுகிறவர், பார்க்கிங் பார்க்கிறவர் எல்லோரிடமும் வியாழக்கிழமை சாயங்காலமே நேரில் போய்ப் பேசிவிடுங்கள். கூட்டம் கூடினால் கதவை எப்போது சாத்துவது, பெண்களையும் குழந்தைகளையும் எந்த வழியாக வெளியே அனுப்புவது என்பதை மேலாளரோடு சேர்ந்து நடந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு படத்தைத் திறக்கும் கே.டி.எம். சாவி வந்துவிட்டதா என்று கேளுங்கள்.